நாற்காலியில் ஐந்தருவி

ஜன்னலைத் திறந்தால் அருவி தெரியும் என்று குற்றாலத்தில் தன் லாட்ஜ் வாசலில் போர்டு எழுதி வைத்திருந்தார் அண்ணாச்சி. திறந்தால் ஒரு புளியமரமும் அதன் பின்னால் பக்கத்து லாட்ஜின் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும். தொட்டி நிரம்பி வழிகிற நேரத்தில் யாராவது ஜன்னலைத் திறந்தால் மட்டும் போர்டில் எழுதியிருந்தது உண்மை.

சீசனுக்கு வந்தவர்கள் முதல் நாளே சண்டை பிடித்தார்கள். அண்ணாச்சி ஒரு வாரம் யோசித்தார். பிறகு தென்காசியில் ஒயர் நாற்காலி பின்னிக்கொண்டிருந்த எனக்கு ஆள் அனுப்பினார்.

"ஜன்னல்லதான் அருவி தெரியல. நாற்காலியிலயாவது தெரியட்டும். முதுகு சாயுத எடத்துல ஐந்தருவி விழணும். நீல ஒயரு, வெள்ளை ஒயரு. வராந்தாவுல முப்பத்திரெண்டு நாற்காலி. பின்னுவியாலே?"

நான் "சரி" என்றேன். யார் என்ன கேட்டாலும் அந்தக் காலத்தில் நான் சொன்னது அந்த ஒரு சொல்தான். எதிரில் இருப்பவர் என்னைப் பார்த்துப் பேசுவார், நான் கையில் இருக்கும் ஒயரைப் பார்த்துப் பேசுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் இதுதான் காரணம். ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. இரும்புக் குழாயை வளைத்துச் சட்டம் செய்து, அதில் பிளாஸ்டிக் ஒயரைப் பின்னிய நாற்காலி இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. முதலில் மேலிருந்து கீழாக ஒரு நிறத்தைச் சுற்ற வேண்டும். பிறகு குறுக்கே இன்னொரு நிறத்தை மேலும் கீழுமாக நுழைத்து இழுக்க வேண்டும். நீலத்துக்கு மேலே வெள்ளை ஏறினால் அந்த இடம் வெள்ளைக் கட்டம். அடியில் போனால் நீலக் கட்டம். அவ்வளவுதான் வித்தை. அதுவரை நான் பின்னியதெல்லாம் டைமண்ட், பட்டை, சதுரத்துக்குள் சதுரம். தண்ணீர் பின்னியதில்லை.

ஆனால் அந்த முப்பத்திரெண்டு நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. கீழப்பாவூரில் இருந்த என் தாய்மாமாவின் மகளை எனக்குக் கேட்டு அம்மா போயிருந்தாள். மாமா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் உத்தரவு மாதிரிதான் சொல்லுவார்.

"அக்கா, பொண்ணு ஒம் மவனுக்குத்தான். ஆனா அவன் இன்னைக்கு ஒரு நாற்காலி பின்னுதான், நாளைக்கு ஒயரை வச்சுக்கிட்டு முழிக்கான். அது தொழிலா, பொழுதுபோக்கான்னு எனக்குத் தெரியணும். ஒரே எடத்துல முப்பது நாற்காலிக்கு வேலை எடுக்கட்டும். நான் வந்து கண்ணால பாத்துட்டுத் தேதி குறிக்கேன். ராஜபாளையத்துல இருந்து ஒரு எடம் வந்திருக்கு. ஆடி முடியட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்."

அம்மா இதைச் சொன்னபோது ஆனி பாதி போயிருந்தது.

படம் வரைய அண்ணாச்சி ஆர்ட்டிஸ்டை ஏற்பாடு செய்தார். வாசல் போர்டை எழுதியவர் அவர்தான். காதில் தூரிகை செருகியிருப்பார். தேநீர் குடிக்கும்போதும் எடுக்க மாட்டார். பெரிய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கரியால் ஐந்தருவியை வரைந்தார். கையைத் தூக்காமல் பாறை ஒரு கோடு, தண்ணீர் ஐந்து கோடு, கீழே தடாகம் ஒரு கோடு. ஒவ்வொரு அருவியும் மேலே சன்னமாகத் தொடங்கி, இடுப்பில் ஒரு நெளிவு நெளிந்து, கீழே விரிந்து போயிற்று. எனக்கே குளிர்ந்தது.

"கோடுன்னா எங்கன ஆரம்பிச்சு எங்கன முடியுதுன்னு தெரியக் கூடாதுலே. பாத்தியா?" என்றார் ஆர்ட்டிஸ்ட்.

பார்த்தேன். அதுதான் என் கவலையாக இருந்தது. அவர் கோட்டுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. என்னிடம் இருந்தது குறுக்கே முப்பத்தாறு, நெடுக இருபத்தெட்டு.

சின்ன வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போடுகிற கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கினேன். தாள்களைச் சோற்றுப் பசையால் ஒட்டிப் பெரிதாக்கி, லாட்ஜின் ஜன்னல் கண்ணாடியில் ஆர்ட்டிஸ்டின் படத்தை வைத்து, அதன் மேல் என் கட்டத்தாளை வைத்தேன். வெளிச்சத்தில் அடியில் இருந்த கோடு தெரிந்தது. கோடு எந்தெந்தக் கட்டத்தில் நுழைகிறதோ அதையெல்லாம் பென்சிலால் அடைத்துக்கொண்டே வந்தேன். ஆர்ட்டிஸ்ட் என் தோளுக்கு மேல் நின்றார்.

"முப்பத்தாறும் இருபத்தெட்டும் பெருக்குனா எத்தனை?" என்று கேட்டார். பேசாமல் பெருக்கினேன். ஆயிரத்தெட்டு வந்தது.

"ஆயிரத்தெட்டா! அர்ச்சனை மாதிரில்லா இருக்கு. பக்தியாச் செய்யி."

பக்தி பத்துக் கட்டம்கூட நிற்கவில்லை. கோடு ஒரு கட்டத்தின் நடுவில் போனால் தகராறு இல்லை. ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போனால் சண்டை.

"ஏலே, இந்தக் கட்டத்தை ஏன் விட்ட? என் அருவி அங்கன அறுந்துரும்."

"போட்டா தடிச்சிரும்" என்று பென்சிலிடம் சொன்னேன்.

"தடிச்சா தடிக்கட்டும். சீசன்ல தண்ணி தடியாத்தான் விழும்."

"அந்தப் பக்கத்து அருவியோட ஒட்டிக்கிடும். அப்புறம் நாலருவி."

ஒரு முடிவுக்கு வந்தோம். கட்டத்தில் பாதிக்கு மேல் கோடு இருந்தால் வெள்ளை, பாதிக்குக் குறைந்தால் நீலம். சரிபாதியாக இருந்தால் என்ன செய்வது? ஆர்ட்டிஸ்ட் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். புளியமரம் நின்றது. ஒரு புளியங்கொட்டையை எடுத்து, தாயம் விளையாட உரைப்பது போல ஒரு பக்கத்தைத் தரையில் உரைத்தோம். உரைத்த வெள்ளைப் பக்கம் மேலே விழுந்தால் வெள்ளை. இரண்டாவது அருவியின் இடுப்பும் நாலாவது அருவியின் கால் பக்கமும் முழுக்கப் புளியங்கொட்டை தீர்மானித்தவை. இடையில் அவர் இரண்டு தடவை கள்ளாட்டம் ஆடினார். நான் பார்த்தும் சொல்லவில்லை.

தடாகத்தில் வேறு தொல்லை. வெள்ளை ஒயர் மூன்று கட்டத்துக்கு மேல் சேர்ந்தாற்போல மேலேயே போனால் தொய்ந்து தொங்கும். சாய்கிறவரின் துண்டுக் குஞ்சம் அதில் மாட்டும். அதனால் மூன்றுக்கு ஒரு தடவை நீலப் புள்ளி வைத்தேன்.

"என் தடாகத்துல ஏம்லே எறும்பு?" என்றார் ஆர்ட்டிஸ்ட்.

தாளில் பார்க்க ஏதோ அருவி மாதிரிதான் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வரி தவறாமல் எண்ணி எண்ணி மாதிரிக்கு ஒரு நாற்காலி பின்னினேன். இருபத்தெட்டாவது வரி முடிந்தபோது நாற்காலியின் முதுகில் பாதிதான் நிரம்பியிருந்தது. மேல் பாதி வெறும் நீலமாகக் கிடந்தது. கீழ் பாதியில் ஐந்து அருவியும் குட்டையாக, தடியாக, அமுங்கிப்போய் உட்கார்ந்திருந்தன.

ஆர்ட்டிஸ்ட் வந்து பார்த்தார். காதிலிருந்த தூரிகையை எடுத்துவிட்டார். அவர் அதை எடுத்து அன்றுதான் பார்த்தேன்.

"நான் அருவி வரைஞ்சேன். நீ மாடிப்படி கட்டியிருக்க. தண்ணி எங்கயாவது படி எறங்கி வருமாலே? சரி, படிதான் கட்டுன, அது ஏன் இட்லி மாதிரி இருக்கு?"

மறுபடி எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எங்கள் சொந்தத்தில் ஒயர்க் கூடை பின்னுவதில் கெட்டிக்காரி ஒருத்திதான். மாமா மகள். கூடையில் கிளி போடுவாள், திராட்சைக் கொத்துப் போடுவாள். அவளிடம் கேட்கலாம் என்று நினைத்த உடனே எனக்கு வியர்த்தது. ஆனால் ஆனி முடிந்துகொண்டிருந்தது. நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தென்காசியில் கீழப்பாவூர் வழியாகச் சுரண்டை போகும் பஸ்ஸில் ஏறினேன்.

நாற்காலியைக் கீழே வைத்த மறு நொடி, மடியில் மூட்டையோடு ஒரு அம்மா அதில் உட்கார்ந்துவிட்டார். "நல்லா இருய்யா" என்று வாழ்த்தவும் செய்தார். கீழப்பாவூர் வந்தது. அவர் அருவியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப எனக்கு வாய் வரவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. சுரண்டையில் அவராக விழித்து இறங்கிப் போனார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப் பக்க பஸ்ஸில் ஏறி, இந்த முறை யாரும் உட்காரும் முன் நானே உட்கார்ந்துகொண்டு கீழப்பாவூர் வந்து சேர்ந்தேன். அன்று அவ்வளவு துணிச்சல் இருந்தது.

நல்ல வேளை, மாமா வயலுக்குப் போயிருந்தார். அத்தை மோர் கொடுத்தாள். மாமா மகள் அடுப்படி நிலையில் நின்றபடி நாற்காலியைப் பார்த்தாள்.

"அத்தான், இதென்ன, இட்லித் தட்டா?"

"அருவி."

"எந்த அருவி?"

"ஐந்தருவி."

"அஞ்சும் களைச்சுப் போயி ஒக்காந்திருச்சோ?"

அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நான் மோரைப் பார்த்தேன். அவள் வெளியே வந்து, என் கட்டத்தாளை வாங்கி, ஒரு தீக்குச்சியைத் தாளின் கட்டத்தில் வைத்து அளந்தாள். அதே தீக்குச்சியை நாற்காலியின் கட்டத்தில் வைத்தாள்.

"நோட்டுல கட்டம் சதுரம். ஒங்க ஒயருல கட்டம் தட்டை. மேல இருந்து கீழ ரெண்டு ரெண்டு ஒயரா சுத்தியிருக்கீக, குறுக்க ஒத்தை ஒயரு போடுதீக. அப்ப அகலம் ரெண்டு பங்கு, ஒயரம் ஒரு பங்கு. எல்லாம் அமுங்கத்தான் செய்யும். தாள்ல உள்ள ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை பின்னுங்க, எந்திரிச்சு நிக்கும்."

கண்முன்னே இருந்தது, எனக்குத் தெரியவில்லை. "சரி" என்றேன்.

"சரியா? அவ்வளவுதானா? சுரண்டைக்கு எல்லாம் போயிட்டு வந்திருக்கீக."

அது எப்படித் தெரிந்தது என்று நிமிர்ந்து பார்த்துவிட்டேன். முதல் பஸ்ஸில் நாற்காலி தன்னைக் கடந்து போவதைத் தண்ணீர் எடுக்கப் போனபோது அவள் பார்த்திருக்கிறாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு போனதையும் பார்த்திருக்கிறாள்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினாள். "சீக்கிரம் பின்னுங்க அத்தான். அப்பா தெனமும் ராஜபாளையம் பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரிக்காக."

திரும்பி வந்து பழையதை அவிழ்த்துவிட்டு வரிக்கு இரண்டாகப் பின்னினேன். ஐந்து அருவியும் எழுந்து நின்றன. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆர்ட்டிஸ்ட், "படி படியாத்தான் இருக்கு, ஆனா அருவிப் படி" என்றார். அவர் என்னை அதற்கு மேல் பாராட்டியதே இல்லை.

அண்ணாச்சி தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"எனக்கு அருவின்னு தெரியுது. ஆனா நான்தான அருவி போடச் சொன்னேன், எனக்குத் தெரியாம இருக்குமா? தெரியாதவன்கிட்ட கேப்போம். வாசல்ல வச்சிரு. வாறவன் போறவன் பத்துப் பேருகிட்ட கேக்கேன். ஒருத்தனாவது தானா அருவின்னு சொல்லணும். சொன்னா முப்பத்திரெண்டும் ஒனக்கு. இல்லன்னா டைமண்டு போட்டு வேற ஆளு பின்னட்டும். யாரும் சாடை காட்டக் கூடாது, ஆமா."

நாற்காலியை வாசலில் வைத்தோம். முதலில் பால்காரர் வந்தார்.

"வே, இது என்ன படம், சொல்லும்" என்றார் அண்ணாச்சி.

பால்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார். "எருமை மடி மாதிரி இருக்கு."

"மாதிரின்னா?"

"எருமைக்கு நாலு காம்புதான அண்ணாச்சி. இதுல அஞ்சு இருக்கு. அதான் யோசிக்கேன்."

பழக்கடை அம்மா வாழைச்சீப்பு என்றார். துணி வெளுப்பவர், தலை வாருகிற சீப்பு என்றார். ஒரு போலீஸ்காரர் எட்ட நின்றே, "லாக்கப் கம்பி" என்றார், ஒரு கம்பி வளைந்திருப்பதைக் காட்டி, "எவனோ தப்பிச்சிருக்கான்" என்றும் சொன்னார். அது புளியங்கொட்டை போட்ட இடம். மேல் அறையில் தங்கியிருந்த வாத்தியார் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் குனிந்து பார்த்தார். "நீலமும் வெள்ளையுமாய்க் கட்டங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் மிகச் சரியான பதில். அதற்காகவே எனக்கு அழுகை வந்தது.

இதற்குள் ஒரு குரங்கு வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அருவியில் முதுகைத் தேய்த்துக்கொண்டது.

"இதைக் கணக்குல சேப்பீகளா?" என்றார் ஆர்ட்டிஸ்ட்.

"அது ஒண்ணும் சொல்லலையே."

"முதுகு தேய்க்குது. அருவின்னு தெரிஞ்சுதான தேய்க்குது?"

"சாடை காட்டாதேன்னு சொன்னேன்லா?"

இப்படியே ஒன்பது பேர் ஆயிற்று. அண்ணாச்சிக்கே முகம் வாடிவிட்டது. "பத்தாவது ஆளு வேண்டாம்லே. சவத்த, எடுத்துட்டுப் போயிரு" என்றார். நான் "சரி" என்று நாற்காலியின் கையைப் பிடித்தேன். ராஜபாளையம் பஸ்ஸை நினைத்துக்கொண்டேன்.

லாட்ஜின் பின்புறம் ஒருவர் கல் போட்டு எண்ணெய் தேய்த்துவிடுவார். அங்கிருந்து மதுரைக்காரர் ஒருவர் துண்டோடு வந்துகொண்டிருந்தார். பெரிய உடம்பு. உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். நெற்றி எண்ணெய் இரண்டு கண்ணிலும் இறங்கி, கண் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. சுவரைத் தடவியபடி அருவிக்குப் போகிற வழியைத் தேடியவர் நாற்காலிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"அடேயப்பா! என்னண்ணே இது, ஐந்தருவியை இங்கேயே கொண்டாந்துட்டீங்க! தண்ணி என்னமா விழுகுது!"

அவர் கண்ணைத் துண்டால் நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எங்க போச்சு?" என்றார்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். பின்னால் ஓடி, எண்ணெய் தேய்ப்பவரைக் கிண்ணத்தோடு கையைப் பிடித்து இழுத்து வந்தார். "என் கண்ணுல விடும்வே."

"அண்ணாச்சி, எரியும்."

"எரியட்டும். விடும்."

எண்ணெய் விழுந்ததும் அண்ணாச்சி ஒரு கூச்சல் போட்டார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். கட்டத்தின் மூலையெல்லாம் அவருக்குக் கரைந்து போயிற்று. படிகள் காணாமல் போயின. "விழுதுலே" என்றார் மெதுவாக. "அஞ்சும் விழுது. சாரல்கூட அடிக்கி." பிறகு ஆர்ட்டிஸ்ட் விட்டுக்கொண்டார். "என் கோடு! என் கோடு அப்படியே இருக்கு!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். சட்டையெல்லாம் எண்ணெய்.

தென்காசியில் ஏதாவது வாசலில் வைத்திருந்தால் அந்த நாற்காலி செத்திருக்கும். குற்றாலம் வேறு. அண்ணாச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"குத்தாலத்துல காஞ்ச கண்ணோட எவன்லே இருக்கான்? ஒண்ணு எண்ணெயோட போறான், இல்ல தண்ணியோட வாறான். நம்ம வராந்தாவுக்கு இதுதான் சரி. முப்பத்திரெண்டையும் பின்னு."

மாமாவுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்து கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதானே அவருடைய உத்தரவு. ஆடி பிறந்த இரண்டாவது நாள் வந்தார். இஸ்திரி போட்ட வேட்டி, சட்டை, மடிப்புக் கலையாத துண்டு. அண்ணாச்சி எண்ணெய் தேய்ப்பவரைத் தயாராக நிறுத்தியிருந்தார்.

"வாங்க ஐயா. மொதல்ல எண்ணெய் தேய்ச்சு ஒரு குளியல் போட்டுட்டு வந்துருங்க, அப்புறமாப் பாக்கலாம்."

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னைக்கு என்ன கெழமை?"

"திங்கக்கிழமை."

"ஆம்பிளை எண்ணெய் தேய்க்கது புதனும் சனியும். திங்கக்கிழமை எவன் தேய்ப்பான்?"

"இது குத்தாலம்லா. இங்கன கெழமை கிடையாது."

"எனக்கு உண்டு. நாற்காலி எங்கன?"

இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. ஆர்ட்டிஸ்ட் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாமா காய்ந்த கண்ணோடு நாற்காலிக்கு நேரே போய் நின்றார்.

"கண்ணைக் கொஞ்சம் சொருகுன மாதிரி வச்சுப் பாருங்க" என்று கெஞ்சினார் ஆர்ட்டிஸ்ட்.

"பட்டாளத்துக்காரன் கண்ணைச் சொருக மாட்டான். வேணும்னா ஒத்தக் கண்ணை மூடுதேன்." துப்பாக்கி குறி பார்ப்பது போல இடக்கண்ணை மூடினார். நாற்காலியைச் சுட்டுவிடுவார் போலிருந்தது.

"என்னலே இது, எருமை மடியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வேண்டியது நான்தான். "மாமா... அது... அருவி."

"எது?"

"அஞ்சும்."

மாமா குனிந்து விரலால் எண்ணினார். "அஞ்சு காம்பு" என்றார். நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. நிலைமையைச் சரி செய்யலாம் என்று அண்ணாச்சி நடுவில் வந்தார்.

"ஐயா, வேலை ஒங்க மருமவனுக்குத்தான். அதுல சந்தேகமே வேண்டாம். இதே மாதிரி முப்பத்திரெண்டு பின்னச் சொல்லியிருக்கேன். வராந்தா முழுக்க வரிசையா நிக்கும்."

"இதே மாதிரியா? முப்பத்திரெண்டா? வரிசையாவா?"

"ஆமா."

"அப்ப குளிக்க வந்தவன் எல்லாம் ஒரு செம்பை எடுத்துட்டு வந்தா போதும். பால் பண்ணையில்லா வச்சிருக்கீரு!"

சொல்லி முடிக்கும்போதே மாமாவுக்கு உதடு துடித்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அவர் சிரித்து அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. அப்போதும் அது சிரிப்பு என்று எனக்கு உடனே விளங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வரிசையா... முப்பத்திரெண்டு... மடி..." என்று எண்ணி எண்ணிச் சிரித்தார். கண்ணில் நீர் கொட்டியது. துண்டை எடுத்தார்.

"துடைக்காதீக!" என்று கத்தினார் எண்ணெய் தேய்ப்பவர்.

"ஐயோ, துடைச்சிராதீக!" என்று பாய்ந்தார் ஆர்ட்டிஸ்ட். ஒருவர் வலக்கையைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் துண்டைப் பறித்துவிட்டார். அண்ணாச்சி மாமாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து நாற்காலிப் பக்கம் திருப்பினார். "இப்பப் பாருங்க! இப்பப் பாருங்க!"

"விடுங்கலே, கோட்டிப் பயலுகளா!" என்று திமிறிய மாமா, சட்டென்று திமிறலை நிறுத்தினார். கண் நிறைய நீரோடு நின்றார். வாய் கொஞ்சம் திறந்தது.

"ஏலே" என்றார். "விழுதுலே."

அண்ணாச்சி மாமாவின் தலையிலிருந்து கையை எடுத்தார்.

"அந்த ரெண்டாவது நெளிஞ்சு விழுது பாரு. நான் லீவுல வரும்போது அதுக்கு அடியிலதான் நிப்பேன்."

அது ஆர்ட்டிஸ்ட் கள்ளாட்டம் ஆடிய அருவி. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மாமா கண்ணைத் துடைக்காமலே, நீர் வற்றும் வரை பார்த்தார். வற்றியதும் துண்டைக் கேட்டு வாங்கி, மடிப்பைச் சரி செய்து தோளில் போட்டுக்கொண்டார். முகம் பழையபடி ஆகிவிட்டது.

அவரை பஸ் ஏற்ற நான் கூடப் போனேன். பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னார்.

"இன்னும் முப்பத்தியொண்ணு இருக்குல்லா? ஆடிக்குள்ள முடி. ஆவணியில நல்ல நாளாப் பாக்கச் சொல்லுதேன். ராஜபாளையத்துக்கு நானே எழுதிப் போட்டுருதேன். என்ன, சரியா?"

என்னுடைய சொல்லை அவரே சொல்லிவிட்டதால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தலையை ஆட்டினேன்.

நேரே லாட்ஜுக்கு வந்து இரண்டாவது நாற்காலிக்கு ஒயர் சுற்ற உட்கார்ந்தேன். கட்டத்தாளை எதிரே வைத்துக்கொண்டேன் என்றுதான் நினைவு, ஆனால் பார்த்தேனா என்று சொல்ல முடியாது. மறுநாள் மாலை பின்னி முடித்துத் தூக்கி நிறுத்தியபோது அதில் ஆறு அருவி விழுந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். ஒன்றும் கேட்காமல், அதை மட்டும் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.